முப்பது சிலிண்டருக்கு ஒரு கையெழுத்து

முன் ஆக்ஸில் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டில், கதவைத் திறந்து கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு. அவருடைய தம்பி, பட்டறையின் சொந்தக்கார மெக்கானிக், தரையில் படுக்கப் போட்ட ஒரு டயரின் மேல். பக்கத்துக் கடை லேத்துக்காரர் கவிழ்த்த மரப்பெட்டியின் மேல், காதில் பென்சிலோடு. வீட்டுக்காரரின் மனைவியான அண்ணி, அங்கே இருந்த ஒரே நாற்காலியில், கதவைப் பார்த்தபடி. கதவுக்கு முதுகைக் காட்டி அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

முறைப்படி அவள் அந்த மெக்கானிக்குக்கு மட்டும்தான் அண்ணி. ஆனால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. லேத்துக்காரர் மட்டும் வயதின் உரிமையில் "தங்கச்சி" என்பார்.

நால்வருக்கும் நடுவே, கோணிப்பை விரிப்பில், முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சான அந்த ஆக்ஸில் கிடந்தது. வெளியூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியில் வந்தது. கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது.

"பழைய சாமானுக்கு எதுக்குப் புதுப் பெயிண்ட்?" என்றாள் அண்ணி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"துரு பிடிக்காம இருக்க அண்ணி."

"துருவை மறைக்கவும் அடிக்கலாம்ல தம்பி?"

கொழுந்தன் லேத்துக்காரரைப் பார்த்தான். லேத்துக்காரர் பென்சிலை எடுத்துக் காதைக் குடைந்தார். "தங்கச்சி, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்காதே. இது இரும்பு. வெட்கப்படாது."

வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, தேதி போட்டு, 'ஆக்ஸில் வந்தது, பெயிண்ட் புதிது' என்று எழுதிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவர்கள் குடும்பம் கேஸ் சிலிண்டர் விநியோகத்தில் இருந்தது. ஊருக்குள் விநியோகிக்க ஆட்கள் பலர் உண்டு. குன்றின் மேல் இருந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் ஒரு விடுதிக்கும் ஏற்றிப் போவது இவர்கள் மட்டும்தான். மேலே போகும் பாதை பாதி தூரம் சரளை, நடுவில் வறண்ட ஓடை, மூன்றாம் வளைவில் சிமெண்ட் போட்ட செங்குத்து ஏற்றம். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பழைய பிக்கப், மழை பெய்தால் அங்கே சறுக்கியது. போன மழைக்காலத்தில் ஆறு நாள் மேலே அடுப்பு எரியவில்லை. ஏஜென்சி மேனேஜர் இந்த வருஷம் கடிதமே அனுப்பிவிட்டார்: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும், மழைக்காலம் முழுவதும் முப்பது சிலிண்டரோடு மேலே போய்வர அது தகுதியானது என்று வண்டி உரிமையாளர் கையெழுத்திட்டு, மழை தொடங்கும் முன் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் குன்று வேறொருவருக்கு.

வண்டி அண்ணியின் பெயரில் இருந்தது. கையெழுத்து அவளுடையது. குன்று போனால் ஊருக்குள் பத்தோடு பதினொன்றாக நின்று சைக்கிள்காரனோடு போட்டி போட வேண்டியதுதான்.

வேறு வண்டி வாங்குகிற நிலைமை இல்லை. இருக்கிற வண்டியை மாற்றுவதென்று முடிவானது. மாற்றத்துக்கான அனுமதித் தாளை அண்ணியே பதிவு அலுவலகத்தில் மூன்று நடை நடந்து வாங்கினாள். அதன் பிறகு வேலை கொழுந்தன் கைக்குப் போனது.

வேலை ஐந்து வாரம் ஓடியது. முன்பக்கத்து அடிப்பாகம் முழுவதையும் கழற்றி, வாங்கிய ஆக்ஸிலைப் பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார வைத்தான். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு இரும்புப் பெட்டி வந்தது. எஞ்சினிலிருந்து வரும் சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போடுவது அதன் வேலை. பெட்டியிலிருந்து முன்னால் போக ஒரு ஷாஃப்ட், பின்னால் போக ஒன்று. ஷாஃப்ட்டைப் பெட்டியோடு சேர்க்கும் வட்டத் தகட்டை லேத்துக்காரர் கடைந்து கொடுத்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது லிவர் முளைத்தது. பின்னால் இழுத்தால் பழையபடி இரண்டு சக்கரம், முன்னால் தள்ளினால் நான்கு.

அண்ணி தினமும் பட்டறைக்குப் போனாள். டீ கொண்டு போவது சாக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது வேலை. எந்தப் போல்ட் புதிது, எது பழையது, எது நேற்று இருந்தது, எது இன்று இல்லை, எல்லாம் தாளில் ஏறியது.

மூன்றாம் வாரத்தில் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. கொழுந்தன் ஸ்பேனரைத் தேடினான்; ஸ்பேனர் அவன் கையிலேயே இருந்தது. லேத்துக்காரர் நீளமாக எதையோ கோணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"என்ன அண்ணா அது?"

"கம்பி தங்கச்சி."

"எதுக்குக் கம்பி?"

"கம்பிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தன் வயதுக்கு ஆகாத வேகத்தில் நடந்துவிட்டார்.

அன்று வீட்டில் அவள் கணவரிடம் சொன்னாள். "என்னங்க, உங்க தம்பி நம்ம வண்டியிலிருந்து எதையோ கழற்றி வெளியே அனுப்புறான்."

"அவன் வண்டியிலிருந்து கழற்றாம என் தலையிலிருந்தா கழற்றுவான்? மெக்கானிக்மா அவன்."

"கோணியில சுத்தி அனுப்புறான்."

வீட்டுக்காரர் குளிக்கப் போனார். குளித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் வந்திருந்தார்.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை வீட்டுக்காரர் வழக்கம்போல அதை டயர் கடைக்குக் கொண்டுபோய் வந்தார். ஞாயிறு காலை நால்வரும் ஓடைக்குப் போனார்கள். கொழுந்தன் இரண்டாவது லிவரைத் தள்ளினான். உருளைக் கற்களின் மேல் வண்டி ஆடு ஏறுவதுபோல ஏறியது. முன்சக்கரம் மண்ணைப் பிடித்து இழுப்பது வெளியே நின்ற கண்ணுக்கே தெரிந்தது. வீட்டுக்காரர் விசில் அடித்தார். லேத்துக்காரர் அண்ணியின் பக்கம் திரும்பி, "இப்ப என்ன எழுதப் போறே தங்கச்சி?" என்றார்.

அவள் எழுத ஒன்றும் இல்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

திரும்பி வந்து பட்டறையின் சிமெண்ட் முற்றத்தில் ஏறியபோது லிவரை இழுக்கக் கொழுந்தன் மறந்திருந்தான். வண்டி நேராகத்தான் போனது. இருந்தும் அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு முன் டயர் கீச்சென்று ஒரு குதி குதித்தது. லிவரை இழுத்தால் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை. வண்டியைப் பின்னால் நகர்த்திய பிறகுதான் டம்மென்று விட்டது.

அண்ணி துண்டுத் தாளை வெளியே எடுத்தாள்.

"திரும்பும்போது இறுக்கும், அது சகஜம்னு நீதானே தம்பி சொன்னே? இது நேராத்தானே போச்சு?"

"புது வேலை அண்ணி. ஓட ஓட செட் ஆகிடும்."

உலகத்தில் அவள் நம்பாத வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் போட்டால் 'செட் ஆகிடும்' முதலில் வரும். மூன்றாம் வளைவு சிமெண்ட் ஏற்றம். அங்கே முப்பது சிலிண்டரோடு சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றால், பெட்டி உடையும், அல்லது ஷாஃப்ட் முறியும். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பது அவள் புருஷன்.

அன்று மத்தியானமே இரும்புக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் போட்டாள். பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களின் பல்கணக்கும் முன் ஆக்ஸிலின் பல்கணக்கும் ஒன்றாக இருந்தால்தான் நான்கு சக்கரமும் ஒரே நடை நடக்கும்; ஒன்றாக இருப்பதாகச் சொல்லி வேறொன்றை, பெயிண்ட் அடித்து, எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. கீழே கையெழுத்து, தேதி. கார்பன் வைத்து ஒரு பிரதி.

தபால் போன பிறகும் மனசு ஆறவில்லை. இரும்புக் கடைக்காரர் ஒழுங்கான ஆக்ஸிலையே அனுப்பியிருந்து, கொழுந்தன் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு மட்டமானதை மாட்டியிருந்தால்? கோணியில் போனது அதன் உள்பாகமாக இருந்தால்? கணவரின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, சாக்பீஸும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை பட்டறைக்குக் கிளம்பினாள். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்.

"எண்ணிப் பார்க்கணும்" என்றாள்.

"அண்ணி, நான் எண்ணிட்டேன்."

"நீ எண்ணினது உனக்கு. நான் எண்ணுறது எனக்கு."

கொழுந்தனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் ஜாக்கி போட்டான். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி, கியரை விடுவித்து, சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு இழுத்தான். "ஒரு சக்கரம் தரையில நிக்குது. அதனால தூக்கினதை ரெண்டு சுத்து சுத்தணும். ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதுதான் கணக்கு."

அவள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தாள். வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்றினார். நாலு சுற்றும் கொசுறும். கொசுறை நாடாவால் அளந்தாள். முன்பக்கம் போனார்கள். நாலு சுற்றும் கொசுறும். கொசுறும் அதே அளவு.

ஆக, யாரும் ஏமாற்றவில்லை. அண்ணிக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இதற்குள் லேத்துக்காரரும் வந்து சேர்ந்தார். வந்தவர் கொழுந்தனைத் தனியே கூப்பிட்டு, "பெட்டியை நீ கோணலா மாட்டிட்டியோ?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. "நீ கடைஞ்ச தகடு கோணலோன்னு நான் ராத்திரி பூரா தூங்கல" என்று கொழுந்தன் சொன்னதும் விழுந்தது. அப்படியென்றால் 'செட் ஆகிடும்' என்றது அவளை ஏமாற்றுவதற்காக அல்ல. அவனுக்கே தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"பல்லு சரின்னா வேற எது வித்தியாசமா சுத்துது?" என்று கேட்டாள். கேட்ட கையோடு அவளே சாக்பீஸை எடுத்தாள். நாலு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டாள். லிவரை இரண்டு சக்கரத்துக்கு மாற்றச் சொன்னாள். "தள்ளுங்க. பின்சக்கரம் பத்து சுத்து வரணும்."

மூன்று ஆண்களும் வண்டியைத் தள்ளினார்கள். அவள் கூடவே குனிந்து நடந்து எண்ணினாள். பத்து. பின் டயரின் கோடு அச்சாகத் தரையில் வந்து நின்றது. முன் டயரின் கோடு தரையைத் தாண்டி, சுற்றில் மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறியிருந்தது.

லேத்துக்காரர் நாடாவை வாங்கி முன் டயரைச் சுற்றி அளந்தார். பின் டயரை அளந்தார். பென்சிலைக் காதிலேயே விட்டுவிட்டு விரலால் கணக்குப் போட்டார். "பின்னாடி எட்டு சென்டி கூட. இந்தப் பின் டயரை யாரு மாட்டினது?"

கொழுந்தன் குனிந்து பார்த்தான். "நான் அனுப்பும்போது நாலும் ஒரே அளவாப் பார்த்து மாட்டினேன். பழசு. இது புதுசு, ஒரு அளவு பெரிசு. நேத்து ஓடையில எனக்கு இது கண்ணுலயே படலையே!" தலையில் கையை வைத்துக்கொண்டான். "அண்ணா, எப்ப மாத்தினே?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

பின்னால் பாரம், அதனால் பின்னால் புதிய டயர், ஒரு அளவு பெரியது, தேய்ந்தது முன்னால். பன்னிரண்டு வருஷமாக அவள் வகுத்த முறை அது. சனிக்கிழமை காலை அவள்தான் கணவரிடம், "டயரை வழக்கம்போல மாத்திட்டு வந்துடுங்க" என்று ஞாபகப்படுத்தி அனுப்பியிருந்தாள். பின்சக்கரம் மட்டும் இழுத்த காலத்தில் அந்த முறையால் ஒரு கெடுதலும் இல்லை. நான்கும் ஒன்றாகக் கட்டப்பட்ட பிறகு சின்ன டயர் வேகமாக ஓட வேண்டும், ஓட விடாமல் பெட்டி பிடித்து இழுக்கும். சரளையில் சறுக்கித் தப்பித்துக்கொள்ளும். சிமெண்டில் தப்ப வழியில்லை.

"நான்தான்" என்றாள் அண்ணி.

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு வாரமா என்னைத் திருடனாட்டம் பார்த்தீங்க அண்ணி!"

"பார்த்தேன். இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். கோணியில என்ன போச்சு?"

சிரிப்பு நின்றது. அவள் விடவில்லை. எண்ணுவதற்காக மல்லாந்து படுத்திருந்தபோதே பார்த்துவிட்டாள்: வண்டியின் பின்கோடியில், சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின் இரண்டு நீள இரும்புக் கட்டைகளையும் சேர்க்கும் குறுக்குக் கட்டை புத்தம்புதிது. வெல்டிங் ஓரமெல்லாம் பெயிண்ட் பூசி மெழுகியிருந்தது. முன்சக்கரம் இழுக்கப் பின்கோடியில் எதற்குப் புதுக் கட்டை?

"தம்பி, நான் கேட்கிறது உன்னை."

"அண்ணா, நீயே சொல்லிடு" என்றான் கொழுந்தன்.

வீட்டுக்காரர் டயரின் மேல் உட்கார்ந்தார். "போன மழையில ஒருநாள். மூணாம் வளைவுல. வண்டி ஏறல. பிரேக் பிடிச்சேன். பிடிச்சபடியே பின்னால போச்சு."

"எவ்வளவு தூரம்?"

"பாறை இருந்தது. பாறை வரைக்கும்."

"பாறை இல்லாம இருந்திருந்தா?"

லேத்துக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "கட்டை வளைஞ்சு போச்சு தங்கச்சி. அப்போ தட்டி நிமிர்த்திட்டோம். இப்போ வண்டியைப் பிரிச்சப்போ பார்த்தா, அதுல விரிசல். அதை எடுத்துட்டுப் போய்த்தான் புதுசு பண்ணினேன். உன் வீட்டுக்காரன் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சான்."

ஒரு வருஷமாக அவள் சந்தேகப்படாத ஒரே ஆள், கூடவே படுத்து எழுந்தவர். போன மழைக்காலத்து நாட்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எந்த நாள் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த நாளும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருந்தது.

"எத்தனை சிலிண்டர் இருந்தது?"

"முப்பது."

"மழையில முப்பது ஏத்தலாமா? உண்மையைச் சொல்லுங்க."

"இருபது தாங்கும். இப்ப நாலு சக்கரமும் இழுக்குது, ஏறுறதுக்கு முப்பதும் ஏறும். ஆனா இறங்குறதும், நிறுத்துறதும் அதே பழைய பிரேக்தானே? மேலேயிருந்து காலிச் சிலிண்டரையும் ஏத்திக்கிட்டுத்தான் இறங்கணும். இருபதுதான் சரி."

"தெரிஞ்சும் ஏன் முப்பது ஏத்தினீங்க?"

அவர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னார். "போன வருஷம் ஏஜென்சிக்கு நீ முப்பதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தியேம்மா."

அதற்குப் பிறகு அன்று பட்டறையில் அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முன்னாலும் அதே அளவில் புது டயர் வந்தது. சிமெண்ட் முற்றத்தில் லிவரைத் தள்ளி நேராக ஓட்டினார்கள். முனகல் இல்லை. லிவர் ஒரு விரலுக்கு வந்தது. புதன்கிழமை, இருபது சிலிண்டர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, அண்ணியே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேலே போய் வந்தாள். மூன்றாம் வளைவில் இறங்கி, அந்தப் பாறையைப் பார்த்தாள். இடுப்பளவு உயரம். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கீழே மரங்களின் தலை தெரிந்தது. வண்டியில் ஏறிக்கொண்டு, "போங்க" என்றாள். வழி முழுக்க அவர் பிரேக் மிதிக்கும் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரும்புக் கடைக்காரரின் பதில் வியாழக்கிழமை வந்தது. 'அம்மா, பெயிண்ட் துருவுக்காக அடித்தது. ஆக்ஸில் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன். சந்தேகத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.' அவருக்கு இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அது சுலபமாக இருந்தது.

ஏஜென்சிக்கு எழுத வேண்டியதுதான் வரவில்லை. மேனேஜர் அனுப்பிய மாதிரிப் படிவத்தில் வார்த்தை எல்லாம் தயாராக அச்சாகியிருந்தது. முப்பது என்ற இடத்துக்குக் கீழே ஒரு கையெழுத்துதான் தேவை. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.

"இருபதுன்னு எழுதினா குன்றை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார், நிமிராமல்.

"குடுக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த ஆளோட பொண்டாட்டி முப்பதுக்குக் கையெழுத்துப் போடட்டும்."

"அவளுக்குப் பாறை தெரியாதே."

பேனாவை மூடி வைத்தாள். மறுபடி திறந்தாள். படிவத்தை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் எழுதினாள்.

'ஐயா, வணக்கம். எங்கள் வண்டி இப்போது நான்கு சக்கரமும் இழுக்கும்படி பதிவு அலுவலக அனுமதியோடு மாற்றப்பட்டிருக்கிறது. அனுமதித் தாளின் நகல் இணைத்துள்ளேன். மழையில்லாத நாளில் முப்பது சிலிண்டர் ஏற்றுவோம். மழை நாளில் இருபதுக்கு மேல் ஏற்ற மாட்டோம். இரண்டு நடை போவோம். சென்ற வருஷம் மழையிலும் முப்பது ஏற்றலாம் என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்தது தவறு. அப்போது எங்கள் வண்டி மூன்றாம் வளைவில் பின்னால் சறுக்கியது. இந்த வேலையை வேறு யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கடைசி வரியை வீட்டுக்காரர் தலைகீழாகவே படித்துவிட்டார். "வேலையையும் விட்டுட்டு, வழியும் சொல்லிக் குடுக்கிறியா?"

"விடல. எழுதியிருக்கேன்."

கையெழுத்திட்டு, தேதி போட்டு, கார்பன் பிரதியைத் தனியே எடுத்து வைத்தாள். தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தாள். பசையைத் தடவி, உறையின் வாயை ஒட்டி, அதன் மேல் கனமான அகராதியை வைத்துப் பத்து நிமிஷம் காத்திருந்தாள்.

"நான் போட்டுட்டு வரட்டுமா? அந்தப் பக்கம்தான் போறேன்" என்றார் வீட்டுக்காரர்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி ஷூவுக்குக் குனிந்துகொண்டார்.

தபால் நிலையத்தில் பதிவுத் தபால் ஜன்னலில் கூட்டம் இல்லை. எழுத்தர் உறையை எடை போட்டு, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அண்ணி ரசீதில் இருந்த எண்ணையும் உறையில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுதான்.

"வேற ஏதாவது வேணுமாம்மா?"

"இல்ல. நீங்க பையில போடுங்க. நான் பார்த்துட்டுப் போறேன்."

அவர் ஒரு தோள் குலுக்கலோடு உறையைப் பைக்குள் போட்டார்.